வடை சுட்ட எண்ணெயும் என் நெஞ்சும்

முதலில் வலித்தது தாடைதான். வயலுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் நடந்தால் கீழ்த்தாடை இறுகும். நின்றால் விட்டுவிடும். திருவையாற்றில் பல் டாக்டரிடம் போய் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அது சொத்தைப் பல்தான், அவர்மேல் குற்றமில்லை. ஆனால் வலி போகவில்லை. பிறகு முதுகு வலித்தது, மூச்சு வாங்கியது. வீட்டில் வாயு என்றார்கள். நானும் பூண்டைச் சுட்டுத் தின்றேன்.

எங்கள் வீட்டில் நெஞ்சு என்றால் அது என் கணவருடைய நெஞ்சுதான். மாமனார் மாரடைப்பில் வரப்பிலேயே போனவர். மகனுக்கும் வந்துவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். அதனால் இவருக்கு வருடா வருடம் தஞ்சாவூரில் பரிசோதனை, அளந்த சோறு, புது எண்ணெய்.

வடை சுட்ட எண்ணெயை அவருக்கோ மகளுக்கோ மறுபடி ஊற்ற மாட்டேன். கீழே கொட்டவும் மனசு வராது. அது என் தோசைக்கு, என் வத்தக்குழம்புக்கு. அவர் நன்றாக இருக்கவேண்டும் என்று சனிக்கிழமை விரதம் வேறு. பகலெல்லாம் பட்டினி, ராத்திரி பலகாரம் என்று பூரியும் கேசரியும். விரதப் பலகாரம் உடம்பை என்ன செய்துவிடும் என்று இருந்தேன்!

ஒரு மத்தியானம் வேர்த்துக் கொட்டி, வாந்தி வந்து, அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் நர்ஸ் என் கணவரைப் பார்த்து, "பேஷண்ட் நீங்களா சார்?" என்று கேட்டாள். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆஞ்சியோ (ரத்தக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுப்பது) செய்தார்கள். மறுநாள் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

"ரெண்டு குழாய்ல பெரிய அடைப்பும்மா."

"எனக்கா? நான் கறி, மீன் தொட்டதே இல்லையே டாக்டர்!"

"என்ன சாப்பிட மாட்டீங்கன்னு சொல்றீங்க. என்ன சாப்பிடுறீங்கன்னு சொல்லுங்க."

சொன்னேன். எண்ணெய்க்கு வந்தபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதெல்லாம் நீ சாப்பிடுறது எனக்குத் தெரியாதே," என்றார் பக்கத்திலிருந்த என் கணவர். தெரியாதாம்! ஒரே வீடு, ஒரே அடுப்பு. அடைப்பு என்று கேட்டபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

"எங்க பரம்பரையில யாருக்கும் இல்ல டாக்டர். அவங்க பக்கம்தான்," என்றேன்.

"பரம்பரை மட்டும் இல்லம்மா. ஆத்துல தண்ணி வந்தாலும் மதகைத் திறந்தாத்தானே வயலுக்குப் பாயும்? மரபணுவும் அப்படித்தான். எது வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்னு அதுமேல சின்னச் சின்ன அடையாளம் இருக்கு. சாப்பாடு, தூக்கம், கவலை எல்லாம் அதை மாத்தும்."

இதற்கு எபிஜெனிடிக் மாற்றம் (மரபணு மாறாமலே அது வேலை செய்யும் விதம் மாறுவது) என்று பெயர். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயும் அளவில்லாத வெள்ளைச் சோறும் குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கும், அங்கே கொழுப்பு படியும் என்றார்.

"நல்லா சாப்பிட்டா அந்த அடையாளம் திரும்பிடுமா?"

"சிலது திரும்பலாம்னு சொல்றாங்க. முழுசா யாருக்கும் தெரியாது. ரெண்டு குழாய்க்கு ஸ்டென்ட் வெச்சுடலாம். மூணாவதுலயும் லேசா ஆரம்பிச்சிருக்கு. அது பெருகாம இருக்கறது மாத்திரையிலயும் உங்க தட்டுலயும்தான் இருக்கு."

ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் சின்னக் கம்பிவலை) வைத்து வீட்டுக்கு வந்தேன். கைப்பிடிச் சோறு, கீரை, பயறு, கொஞ்சம் புது எண்ணெய். பார்க்க வந்தவர்கள், "பாவம், இப்படிச் சாப்பாட்டுக் கட்டுப்பாடா!" என்று உச்சுக் கொட்டினார்கள். குளிக்கும்போது நெஞ்சில் கை பட்டால் கோபம் பொங்கும். ஊரையெல்லாம் எழுப்பியிருக்க வேண்டிய நெஞ்சு, பல்வலி மாதிரி நடித்து என்னை ஏமாற்றிவிட்டதே!

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். நடந்தால் வந்து நின்றால் போகும் வலி தாடையில் இருந்தாலும், முதுகில் இருந்தாலும் உடனே இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வாயு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சம்பா அறுவடை முடிந்து மறுபரிசோதனைக்குப் போனோம். ரத்தத்தில் கொழுப்பு இறங்கியிருந்தது. மூச்சு வாங்காமல் நடந்து காட்டினேன். இப்போதைக்கு நன்றாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா.

என் கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப இனிமே பழையபடி இருக்கலாமா டாக்டர்?"

டாக்டர் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன். "நீங்க பழையபடி இருக்கலாங்க. நான் பழையபடி இருந்தா செத்துப் போயிடுவேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அறுத்த வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முன்பெல்லாம் அடுத்த தை, அடுத்த அறுவடை என்று மனசு ஓடும். இப்போது அடுத்த மாத்திரை வரைக்கும்தான் யோசிக்கிறேன். இந்த நெஞ்சை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. அது சொல்வதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பசித்தது. அவர் கொல்லையில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிடாமல் நான் சாப்பிட்டதில்லை. தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.