குத்தகை மண் சொந்தமான கதை

என்னைப் போன்ற பத்திர எழுத்தனுக்கு வக்கீலின் மரியாதையும் கிடையாது, புரோக்கரின் வருமானமும் கிடையாது. இரண்டு பேருக்கும் விழ வேண்டிய திட்டு மட்டும் முழுசாகக் கிடைக்கும். தாத்தா எடுத்த தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகை மண்ணில் குடியிருந்துகொண்டு, அதைச் சொந்தமாக்க அலையும் சக பாவிகளே, குன்னூர் சரோஜா அக்காவின் கதை உங்களுக்காகத்தான்.

யார் தூக்கிப் பிடிப்பது?

அக்காவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. கூரை ஒழுகுகிறதே என்று லோன் கேட்கப் போனால், நிலம் உங்கள் பேரில் இல்லை என்று பேங்கில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய குத்தகைப் பத்திரத்தைப் பார்த்தேன். அடுத்த வருஷத்தோடு கெடு முடிகிறது. "கட்டடம்தான் உங்களுது, மண்ணு கவர்மெண்டோடது. கெடுவுக்குள்ள முழு உரிமையா மாத்தலைன்னா ஊடு கைய விட்டுப் போனாலும் போயிருமுங்க்கா" என்று பக்குவமாகத்தான் சொன்னேன். ஒரு நிமிஷம் கண் கலங்கினார். அடுத்த நிமிஷம் பொரிந்து தள்ளிவிட்டார்.

"ஏனுங்க, மண்ணு அவங்களுது, ஊடு எங்களுதுன்னா, ஊட்டை நாங்க தலைமேல தூக்கிப் பிடிச்சுட்டா நிக்கோணும்?"

மூலைக் கல்லும் காட்டெருமையும்

உரிமை மாற்ற மனு போட்டு, நிலம் அளக்க சர்வேயர் வந்த அன்று மூன்று மூலை அளந்தாயிற்று. நாலாவது மூலைக் கல்லை ஒட்டி ஒரு காட்டெருமை சாவகாசமாகப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. விரட்டப் போனால் யார் யாரை விரட்டுவது என்பதுதான் பிரச்சினை. தூர நின்று தகரம் தட்டினோம். அது காதை மட்டும் ஆட்டியது. அக்கா எல்லோருக்கும் மறுபடி டீ போட்டார். கடைசியில் சர்வேயர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

"அது எந்திரிக்கிற வரைக்கும் அதுதானுங்க ஓனரு. நான் அடுத்த வாரம் வர்றேன்."

அண்ணனின் நிபந்தனை

அடுத்த வாரம் அளவு முடிந்தது, சிக்கல் முடியவில்லை. தாத்தா சொத்தாயிற்றே! மேட்டுப்பாளையத்து அண்ணன் பழனிசாமி தன் பங்கை விட்டுக்கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அக்கா பேருக்கு மாறும். அவரோ, தங்கை தன் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினாள் என்று மலையேறுவதையே விட்டவர். அக்கா தட்டும் வெற்றிலை பாக்குமாக பஸ் ஏறிப் போய், அதே கல்யாணத்துக்கு முறைப்படி அழைத்துவிட்டு வந்தார். அந்தக் கல்யாணம் முடிந்து, பேரனே நடக்க ஆரம்பித்துவிட்டான்!

அண்ணன் வந்தார். பேனாவைக் கையில் வாங்கியவர், "கீழ வெயில் தாங்கறதில்லீங்க. மே மாசம் பூரா குடும்பத்தோட இங்கதான் தங்குவேன். அதையும் எழுதிருங்க" என்றார். அப்படி ஒரு நிபந்தனை போட்டால் பத்திரம் நிற்குமா? அக்கா அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அதை எழுதாதீங்க. எழுதினா மே மாசத்துக்கு மட்டும்னு ஆயிரும். எழுதாம உட்டா அண்ணன் எப்ப வேணா வரலாமுங்க."

அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையெழுத்துப் போட்டார், கெடுவுக்கு முன்பே உரிமை மாற்றிய கவர்மெண்ட் ஆணையும் வந்துவிட்டது. வீடும் மண்ணும் இப்போது முழுசாக அக்காவுக்கே சொந்தம், கோடை முழுக்க அவர் படுப்பது மட்டும் சமையலறையில்.