அம்மா வழி வந்தது

காப்பித்தூள் வாசனை வந்தால் எனக்கு முதலில் ரத்தம்தான் நினைவுக்கு வரும். ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் காப்பித்தூள் குடிப்பதற்குச் செலவானதைவிட, தம்பியின் காயத்தில் அப்புவதற்குச் செலவானதுதான் அதிகம். ஒரு வயதில் அவனைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். பந்தல் பிரித்து, விருந்தாளிகள் எல்லாரும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் காதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது.

அப்பாவை நாங்கள் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். அவர் நேராகக் காது குத்திய ஆசாரி வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டார். "ஊர்ல அத்தினி கொழந்தைக்கும் நான்தான் குத்திக்கினு வரேன், உன் புள்ள காது மட்டும் ஒழுகினா நான் இன்னாண்ணே பண்றது?" என்றார் ஆசாரி. அத்தோடு அந்த வீட்டுப் பேச்சு முறிந்தது. பிறகு முடி வெட்டும்போது கீறிவிட்டவர், பந்தை எறிந்த பையனின் அப்பா என்று வரிசை நீண்டது. எதுவும் படாமலே தம்பியின் முட்டி வீங்கிய நாளில் பள்ளிக்கூட பெஞ்சு சரியில்லை என்று ஹெட்மாஸ்டரிடம் சண்டைக்குப் போனார். கடைசியில் சென்னையில் ஒரு டாக்டர் "ஹீமோபிலியா" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். பெயர் தெரிந்த பிறகும், இது யாரால் வந்தது என்று ஆள் தேடுவதை நைனா விடவில்லை.

நான் பத்தாவது படிக்கும்போது அறிவியல் டீச்சர் பரம்பரை நோய்கள் பாடம் நடத்தினார். புத்தகத்தில் ஒரு பத்திதான். அவர் கரும்பலகையில் வட்டமும் சதுரமும் போட்டு, இந்த நோய் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்குத்தான் வரும், ஆனால் தாய் வழியாகத்தான் வந்து சேரும், தாய்க்கு வெளியே ஒன்றும் தெரியாது, மகள்களிலும் சிலர் தெரியாமலே அதைச் சுமப்பார்கள் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எங்கள் தெருக்காரி. "அப்போ உங்கம்மாதான்டி" என்று என் இடுப்பில் இடித்தாள். நான் வகுப்பில் வாய் திறக்காதவள். அன்று வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம், இவள் போய்ச் சொல்லி நைனா காதுக்கு எட்டினால் அம்மாவின் கதி என்ன என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தாள். டீச்சர் சொன்னதைச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும்டி. எங்க சின்னண்ணன் பல்லு வுழுந்து, ரத்தம் நிக்காமத்தான் போய்ட்டான். கெணத்துல வுழுந்துட்டான்னு சொல்லித்தான் என்னை இந்த ஊட்டுக்குக் குடுத்தாங்க. நைனாகிட்ட மூச்சு வுடாத."

நான் விடவில்லை. தெருக்காரியும் பரீட்சை முடிவதற்குள் பாடத்தோடு சேர்த்து இதையும் மறந்துவிட்டாள். நைனா சாகும்வரை ஆசாரியைத்தான் குற்றம் சொன்னார். என் கல்யாணத்தின்போதும் யாரும் மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குப் பிறந்தது ஒரே பெண் என்பதால் அந்தப் பொய் வெளியே வராமல் தப்பியது.

இப்போது ஊசி பிடித்துக் காது குத்த வீட்டுக்கு வருகிற ஆசாரிகள் எங்கள் பக்கம் யாரும் இல்லை. தம்பி ஒரு முட்டி மடங்காமல், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி வாசலில் வருகைப் பதிவேடு பார்க்கிறான். வீக்கம் தொடங்கினால் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறான். நானும் மகளும் ரத்தம் கொடுத்துப் பரிசோதித்தோம். டீச்சர் சொன்னதுபோல இரண்டு பேருமே அதைச் சுமக்கிறோம்.

மகளைப் பெண் பார்க்க ஊத்துக்கோட்டையிலிருந்து முதலில் வந்தார்கள். தட்டு மாற்றும் பேச்சு வருவதற்கு முன்பே நான் எல்லாவற்றையும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போனவர்கள் திரும்ப வரவில்லை. "ஊர்ல வாயே தொறக்காதவ, இதுக்கு மட்டும் தொறக்கறா" என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. போன மாதம் புதுவாயலிலிருந்து வந்தவர்களிடமும் சொன்னேன். மாப்பிள்ளைப் பையன்தான் கேட்டான்:

"ஆம்பளப் புள்ள பொறந்தா, எப்போ டெஸ்ட் எடுக்கணும்ங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து என் மகள் பதில் சொன்னாள்: "பொறந்த அன்னிக்கே."