அத்தை வண்டியை உருட்டிக்கொண்டு இறங்கிய நாள்

எங்கள் அத்தை ஒரு பயந்தாங்கொள்ளி என்று டில்லி துவாரகாவில் நாங்கள் இருந்த அடுக்குமாடி சொசைட்டி முழுக்கப் பரப்பியவள் நான்தான். ஒரு தசராவில் ஆரம்பித்து அடுத்த ஹோலிவரை, லிஃப்டில் யார் கேட்டாலும் சொன்னேன், கேட்காவிட்டாலும் சொன்னேன். அப்போது எனக்குப் பத்து வயது. வாய் மட்டும் நாற்பது வயதுக்கு இருந்தது.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. குருகிராமில் வேலை கிடைத்ததும் திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கிவிட்டாள். சம்பளம் வந்தால் நகை வாங்குவாள் என்று அம்மா எதிர்பார்த்தாள். அவளோ ஒரு சைக்கிளை வாங்கி வந்து நிறுத்தினாள். கிராவல் பைக் என்றாள். தார் ரோடு, மண்பாதை, ஜல்லி எதிலும் போகுமாம். ஹேண்டில்பார் கிடாக்கொம்பு மாதிரி கீழ்நோக்கி வளைந்திருந்தது. அப்பா அதை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

"ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, மட்கார்டு இல்ல. பெல்லு கூட இல்லியே. எல்லாத்தையும் கழட்டிக்கிட்டா கொடுத்தான்?"

அந்த வருடம் நவம்பரில் அத்தையின் ஆபீஸ் தோழிகள் நான்கு பேர் உத்தராகண்ட் போவதாக இருந்தார்கள். அடிவாரத்துக் கரும்பு வயல்களில் தொடங்கி, ஆறு நாள் மண்பாதையிலேயே மிதித்து, பனிமலை தெரிகிற ஒரு கிராமத்தில் போய் முடிப்பது திட்டம். ஐந்தாவது ஆள் அத்தை. அந்தப் பாதையின் படத்தை அவள் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தாள். துணி எடுக்கும்போதெல்லாம் ஒரு தடவை விரலால் மலையேறிவிட்டுத்தான் கதவைச் சாத்துவாள். சம்பாதிக்கிற பெண், இருபத்தெட்டு வயது, யார் அனுமதி வேண்டும் என்று இன்றைக்கு நாம் கேட்கலாம். எங்கள் வீட்டில் அப்பா 'சரி' சொல்லாமல் பால்கனிச் செடிகூடப் பூக்காது.

அப்பா ஒரு பரீட்சை வைத்தார். விஜயதசமியன்று அத்தை ஹரியானா பக்கம் ஓர் ஆரவல்லிக் குன்றில் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். அவர் காரில் பின்னாலேயே வருவார்.

"ஏத்தம் கிடக்கட்டும். இறக்கத்துல எப்பிடி வாரன்னு பாக்கணும். எனக்குத் திருப்தின்னா போயிட்டு வா."

எனக்கும் ஒரு பரீட்சை நடந்துகொண்டிருந்தது. தீபாவளிக்குக் கியர் வைத்த சிவப்பு சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, அதுவரைக்கும் வீட்டில் ஒரு சாமானும் என் கையால் கெட்டுப்போகக் கூடாது. நியாயமான நிபந்தனைதான். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அப்பாவின் லேப்டாப்பை ஈரத்துணியால் சொட்டச் சொட்டத் துடைத்து, அதை ஒரேயடியாக ஓய்வுக்கு அனுப்பியிருந்தேன்.

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. அம்மா ஹாலில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். அரிவாள்மணை, கத்தரிக்கோல், மிக்ஸி, கார்ச்சாவி, என் ஜியாமெட்ரி பாக்ஸ். நடுவில், சுவரில் சாய்ந்தபடி, அத்தையின் வண்டி. அதைத் துடைக்கும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அத்தை ஒரு காய்ந்த துணியைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். துடைத்தேன். மற்றதெல்லாம் மின்னியது. இரண்டு சக்கரத்திலும் நடுவில் இருந்த வட்டமான இரும்புத் தட்டுகள் மட்டும் மங்கலாக இருந்தன. பக்கத்தில் அம்மா அரிவாள்மணைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவத் தடவ அது என்ன பளபளப்பு! கிண்ணத்தில் துணியை நனைத்து, இரண்டு தட்டுகளுக்கும் தாராளமாகப் பூசினேன். அதன்மேல் சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்தேன்.

சைக்கிள் தெரிந்தவர்கள் இந்நேரம் தலையில் கைவைத்திருப்பீர்கள். பிரேக் அந்தத் தட்டைக் கவ்வித்தான் வண்டியை நிறுத்துகிறது. அதில் எண்ணெய் பட்டால் பிடிமானம் போச்சு. பூஜையில் வைத்த சாமானை அன்றைக்கு எடுத்துப் புழங்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதனால் அத்தையும் ஓட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் இரண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தோம். அத்தை அவற்றை நசுக்கிக்கொண்டு கிளம்பினாள். சொசைட்டி மைதானத்தில் சாயங்காலம் எரியப்போகிற ராவணன் பத்துத் தலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் மூன்று பேரும் புளியோதரையும் காரில் பின்தொடர்ந்தோம். "நான்தான் துடைச்சேன், எப்படி மின்னுது பாருங்க" என்று கார் கிளம்புவதற்குள் நான்கு தடவை சொல்லிவிட்டேன்.

முதல் சிக்னலிலேயே கிரீச்சென்று ஒரு சத்தம். வண்டி கோட்டைத் தாண்டிப் போய், அத்தை காலை ஊன்றித்தான் நின்றது. அப்பா கண்ணாடியை இறக்கினார்.

"என்னட்டி சத்தம்?"

"சந்தனம் ஒட்டியிருக்கும் அண்ணே. போகப்போகச் சரியாயிரும்."

அதற்கப்புறம் ஊர் முடிந்து வயல் வந்துவிட்டது. கம்பு அறுத்துக் கட்டுக்கட்டாக நிறுத்தியிருந்தார்கள். அத்தை மண்பாதையில் இறங்கினாள் பாருங்கள், அப்பாவின் கார் வயிறு தரையில் இடிக்க இடிக்கப் பின்னால் தவழ்ந்தது. எருமைகள் வழிவிட்டன. அம்மா "மெதுவா, மெதுவா" என்று அப்பாவையும் அத்தையையும் சேர்த்தே சொல்லிக்கொண்டு வந்தாள். குன்று வந்தது. சீமைக்கருவேலத்துக்கு நடுவே சரளைக்கல் பாதை வளைந்து வளைந்து ஏறியது. அத்தை சீட்டிலிருந்து எழும்பி நின்று மிதித்தாள். ஓர் இடத்தில்கூடக் காலை ஊன்றவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாகூட, "பரவால்லியே" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது பட்டமளிப்பு விழாவுக்குச் சமம்.

உச்சியில் புளியோதரை சாப்பிட்டோம். அப்பாவும் அம்மாவும் பாறைமேல் உட்கார்ந்து கீழே தெரிந்த ஊர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை வண்டியைக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். பிரேக்கைப் பிடித்தாள். சக்கரம் அதுபாட்டுக்குச் சுற்றியது. தட்டை ஒரு விரலால் தொட்டு, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பல்லைக் காட்டினேன். எழுந்து வந்து அந்த விரலை என் பின்னலில் துடைத்துவிட்டு, "இன்னைக்குத் தலைக்கு எண்ணெய் வச்சியாட்டி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "இப்ப வச்சாச்சு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அப்பா காரை எடுத்துக்கொண்டே, "ம், இறங்கு பாப்போம்" என்றார்.

அத்தை ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டாள். வண்டியின் பக்கத்தில் நின்று அதை உருட்டத் தொடங்கினாள்.

"ஏன், என்னாச்சு?"

"இறக்கம் ரொம்பச் செங்குத்தா இருக்கு அண்ணே. உருட்டிக்கிட்டே வாரேன்."

கார் முதல் கியரில் அவள் பின்னால் ஊர்ந்தது. பாதி தூரம் போனதும் அப்பா, "இந்தக் குன்றுக்கே இப்படின்னா இமயமலையில என்ன செய்வா?" என்று ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சொன்னார். அம்மா, "பயம் இருக்கத்தான் செய்யும், விடுங்க" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையே வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினேன்.

"அத்தே, பயமா இருக்கா?"

"ஆமாட்டி. ரொம்பப் பயமா இருக்கு."

அவ்வளவுதான். பரீட்சை முடிந்தது. நவம்பரில் தோழிகள் நான்கு பேர் மட்டும் போனார்கள். பனிமலையின் முன்னால் வண்டிகளை நிறுத்தி அவர்கள் அனுப்பிய போட்டோக்களை அத்தை என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினாள். பீரோக் கதவில் ஒட்டியிருந்த படத்தை எப்போது எடுத்தாள் என்று நான் கவனிக்கவில்லை. எனக்கு எங்கே நேரம்? தீபாவளிக்குச் சொன்னபடி சிவப்பு சைக்கிள் வந்துவிட்டது. அதில் சொசைட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே, பார்த்தவர்களிடமெல்லாம், "எங்க அத்தைக்கு இறக்கம்னா பயம், எனக்கு அப்படியெல்லாம் இல்லை" என்று சொன்னேன். சில சமயம் அத்தையும் பக்கத்தில் நிற்பாள். "அது உண்மைதான்" என்பாள்.

இரண்டு வருடம் கழித்து பெங்களூருக்கு மாற்றலாகிப் போனபிறகு அவள் ஏறாத மலை இல்லை, இறங்காத மலையும் இல்லை. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. போன மாதம் கரோல் பாக் கடைத்தெருவில் நானே ஒரு கிராவல் பைக் வாங்கினேன். கடைக்காரர் அந்தத் தட்டைக் காட்டி, "இதுல மட்டும் எண்ணெய் படக்கூடாது மேடம். பட்டா பிரேக் போச்சு, ஆளும் போச்சு" என்று ஹிந்தியில் சொன்னார். கடைக்குள் எங்கிருந்தோ தேங்காயெண்ணெய் வாசனை அடித்த மாதிரி இருந்தது. வெளியே வந்து, நடைபாதையில் நின்றபடியே அத்தைக்குப் போன் செய்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தாள். "இப்பந்தான் தெரிஞ்சுதாட்டி?"

"அன்னிக்கே அப்பாகிட்ட ஏன் அத்தே சொல்லல?"

"எப்பிடிச் சொல்ல? தீபாவளிக்கு மூணு வாரந்தான் இருந்துச்சு."

நான் அழுதேன். கரோல் பாக்கில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி. அன்று இறக்கத்தில் அவள் என்னிடம் பொய் சொல்லவில்லை. பயமாகத்தான் இருந்திருக்கும். பின்னால் ஊர்ந்துவரும் காரில் அண்ணன் இருக்கிறார். அவர் இறங்கிவந்து அந்தத் தட்டை ஒரு தடவை தொட்டு மோந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இறங்கியிருப்பாள். நானோ ஜன்னலில் தொங்கிக்கொண்டு, பின்னலில் அவள் துடைத்த எண்ணெயோடு, எனக்கு இப்படி ஒரு அத்தையா வாய்க்க வேண்டும் என்று விசும்பிக்கொண்டு வந்தேன்.