மருத்துவரைக் கண்டால் நொண்டாத மாடுகள்

என் மருமகள் மாட்டு மருத்துவர். எங்கள் வட்டாரத்துப் பால் பண்ணைகளில் அவளுக்குக் குளம்பம்மா என்று பெயர். மாட்டிடம் போனால் மடியைப் பார்ப்பதற்கு முன் குளம்பைப் பார்ப்பாள். மனிதர்களிடமும் அதே பழக்கம்தான். என் மகன் அவளை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே என் மனைவியிடம், "இடது கால்ல பாரம் குறைச்சு வைக்கிறீங்களே அத்தை, முட்டி வலிக்குதா?" என்று கேட்டாள். வலியெல்லாம் ஒன்றுமில்லை என்று என் மனைவி நிமிர்ந்து நின்றாள். வலி இருந்தது. அந்தச் சிறிய பொய்க்கு இந்தக் கதையில் பிறகு ஒரு வேலை வரப்போகிறது என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

குளம்பு செதுக்கும் கத்தியைக் கழுவிக் கரண்டிகளுக்குப் பக்கத்தில் காயவைப்பது, வாசலில் முழங்கால் உயரப் பச்சை ரப்பர் பூட்ஸை நிறுத்திவைப்பது ஆகிய இரண்டைத் தவிர அவளைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கும் புகார் கிடையாது. கத்தியை இடம் மாற்றியாயிற்று. பூட்ஸ் அங்கேயேதான் இருக்கிறது.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை, ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்குவது. களத்தில் வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கென்று கால்நடைக் கல்லூரி ஆண்டுதோறும் இரண்டு இடங்கள் ஒதுக்குகிறது. உதவித்தொகை உண்டு, வேலையையும் விட வேண்டியதில்லை. ஆனால் வயது வரம்பு இருக்கிறது. போன ஆண்டு விண்ணப்பித்தபோது, யோசனை நன்றாக இருக்கிறது, சிறிய அளவிலாவது ஒரு சோதனை செய்துகொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த ஆண்டு விட்டால் அவளுக்கு மறுபடி வாய்ப்பில்லை.

அவளுடைய யோசனை இதுதான். மாடுகள் நாள் முழுக்க சிமெண்டுத் தரையில் நின்றால் குளம்பு தேய்ந்து நொண்டுகின்றன. தரையில் ரப்பர் விரிப்பு போட்டால் நொண்டல் குறையுமா? ஊர் எல்லையில் இருக்கும் பண்ணைக்காரர் கொட்டகையைத் தர ஒப்புக்கொண்டார். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட ரப்பர் பட்டைகளை என் மகன் ஏற்றி வந்து கொடுத்தான். அவன் பேருந்து ஓட்டுநர்; எதையும் எங்கிருந்தும் ஏற்றி வருவான். வாரம் ஒருமுறை அவள் கொட்டகை வாசலில் நின்று, பால் கறந்து முடிந்து வெளியே வரும் ஒவ்வொரு மாட்டின் நடைக்கும் மதிப்பெண் போட்டாள். நேராக நடந்தால் ஒன்று, காலை ஊன்றவே முடியாவிட்டால் ஐந்து.

முதல் வாரம் மூன்றும் நான்குமாக விழுந்தது. போகப்போக இரண்டு, ஒன்று என்று இறங்கியது. கணினித் திரையில் அந்தக் கோடு சறுக்குமரம் போல இறங்குவதை வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். கல்லூரிக்கும் அனுப்பினாள். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

நேர்காணலுக்கு முந்தைய வாரம், கடைசியாக ஒருமுறை நடை பார்க்கவேண்டிய நாளில், வேறொரு பண்ணையில் ஈனும் மாட்டின் வயிற்றில் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. அவள் அங்கே ஓடினாள். என் மகனுக்கு அன்று விடுப்பு. வாசலில் நின்று வீடியோ எடுத்து வரும்படி அவனை அனுப்பினாள். மாலையில் சாப்பாட்டு மேசையில் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாடுகள் நொண்டின. ஒன்றிரண்டு அல்ல, முதல் வாரம் எவை நொண்டினவோ அத்தனையும்.

"ஏங்க, போனை நேரா பிடிச்சீங்களா?"

"மலைப்பாதையிலயே பஸ்ஸை நேரா பிடிக்கிறவன்மா நான்."

தரை ஈரமோ, விரிப்பு நகர்ந்துவிட்டதோ என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்த என் மனைவிதான் திரையை எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "இதுல என்னம்மா ஆராய்ச்சி? டாக்டர் வந்தா ஊசி போடுவார்னு நான் முட்டி வலியை மறைக்கிறேன்ல. அதுங்களுக்கு மட்டும் அந்த புத்தி இருக்காதா?"

நாங்கள் சிரித்தோம். மருமகள் சிரிக்கவில்லை. முதல் வாரம் அந்த மாடுகளுக்கு அவள் புதியவள். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் நடை பார்த்த கையோடு நொண்டுகிற மாட்டைக் கட்டிப்போட்டு, குளம்பைச் செதுக்கி, ஊசியும் போட்டிருக்கிறாள். வாரம் செல்லச்செல்ல மாடுகள் அவளைத் தெரிந்துகொண்டன. நொண்டினால் கத்தி வரும், ஆகவே நொண்டவில்லை. கோடு இறங்கியது விரிப்பால் அல்ல, இவளால்.

மறுநாள் பச்சை பூட்ஸ், வெள்ளைக் கோட்டு, மருந்துப் பெட்டி மூன்றையும் வீட்டில் விட்டுவிட்டு, கணவனின் காக்கிச் சட்டையையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு பண்ணைக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். மாடுகள் அவளைக் கவனிக்காமல், நன்றாகவே நொண்டிக்கொண்டு வந்தன. மகாராணி என்று பெயர்கொண்ட வயதான மாடு காலை இழுத்து இழுத்து வந்தது. மருமகளுக்கு ஆர்வம் தாங்கவில்லை. குனிந்து குளம்பைப் பார்க்கக் கை நீட்டினாள். மகாராணி அந்தக் கையை முகர்ந்தது. உடனே முதுகை நிமிர்த்தி, அணிவகுப்பில் போவதுபோல நான்கு காலையும் ஊன்றி நடந்து போனது. பண்ணைக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டிக்கெட் எடுக்காதவன் செக்கிங்கைப் பார்த்த மாதிரி போகுது பாருங்க" என்றார்.

அன்றிரவு வீட்டில் விவாதம் நடந்தது. அனுப்பியதை அப்படியே காட்டிவிடலாம், மாடா வந்து சாட்சி சொல்லப்போகிறது என்றான் மகன். இடம் கிடைத்த பிறகு திருத்திக்கொண்டால் போயிற்று என்றாள் என் மனைவியும். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாமா. உங்க மூஞ்சியே சொல்லுது" என்று எழுந்து போய்விட்டாள்.

நேர்காணலில் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு தடவை கேட்டு, இரண்டிலும் மாறாமல் வந்ததை மட்டும் எழுதுகிறேன். அவள் அங்கே அழுதாள் என்று என் மகன் சொல்லித் திரிவது சரியல்ல. தும்மினாள், அந்த அறையில் குளிர்சாதனம் அதிகம்.

மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர்: துறைத் தலைவி, வழிகாட்டியாக வரவேண்டிய பேராசிரியர், புள்ளியியல்காரர். கோடு திரையில் வந்ததும் தலைவி நல்ல முடிவு என்று பாராட்டத் தொடங்கினார்.

"இல்ல மேடம். இந்தக் கோடு தப்பு."

"விரிப்பு போட்டதால நொண்டல் குறையலையா?"

"அது இன்னும் தெரியாது மேடம். இது என்னைப் பார்த்துக் குறைஞ்சது."

என் மகன் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள். காக்கிச் சட்டைக் கதையையும், மகாராணி கையை முகர்ந்ததையும் சொன்னாள். பேராசிரியர் வாயைப் பொத்திக்கொண்டார். புள்ளியியல்காரர் மட்டும் சிரிக்காமல், அப்படியானால் இனி எப்படி அளப்பதாக உத்தேசம் என்று கேட்டார். அதற்கு அவள் தயாராகத்தான் போயிருந்தாள். அதே மாடுகளை, ஒருநாள் மருத்துவர் எதிரில், ஒருநாள் யாரும் இல்லாமல், கேமரா வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்த பிறகுதான் விரிப்பைப் பற்றிப் பேச முடியும் என்றாள்.

தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் பட்டத்துக்கும் இதேதான் பண்ணேன். பத்துப் பண்ணை, வெள்ளைக் கோட்டோட. அந்த மாடுங்க எனக்கு என்ன வேஷம் காட்டுச்சோ" என்றார்.

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் தலைப்பை மாற்றினார்கள். விரிப்பு இரண்டாம் பகுதிக்குப் போயிற்று; மருத்துவர் எதிரில் மாடுகள் வலியை மறைப்பதுதான் முதல் பகுதி. கூடவே ஒரு நிபந்தனை: ஆய்வு முடியும்வரை அவள் அந்தக் கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தியத்துக்கு வேறொரு மருத்துவர் போகிறார்.

இப்போது அவள் கொட்டகைச் சுவருக்கு இந்தப்பக்கம், தீவன மூட்டைகளுக்கு நடுவில் ஒரு சின்னத் திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் நான் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு போனபோது திரையில் மகாராணி வந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதியில் காலை இழுத்து, நின்று, தலையை ஆட்டி, வலியை முழுசாக வெளியில் காட்டிக்கொண்டு நடந்தது.

"பாத்தீங்களா மாமா? எவ்வளவு அழகா நொண்டுது" என்றாள். குரல் மட்டும் தணிந்துதான் இருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் கேட்டுவிடக் கூடாதே.

பிறகு என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கியபடியே கீழே பார்த்து, எப்போதிலிருந்து வலது குதிகாலைத் தூக்கி நடக்கிறீர்கள் என்று கேட்டாள். வலியெல்லாம் ஒன்றுமில்லை என்று நானும் நிமிர்ந்து நின்றேன்.