முதல் வாரத்து எலிகள்

முனைவர் பட்டம் வாங்கிப் பத்து ஆண்டு கழித்து, நாற்பதை நெருங்கும் வயதில், உங்கள் கழுத்தில் 'பயிற்சி ஆய்வாளர்' என்று ஓர் அட்டையை மாட்டி, "கொஞ்சம் சிரிங்க, போட்டோ எடுக்கணும்" என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

அவள் சிரித்தாள். வேறென்ன செய்ய? கருத்தரங்கு நடக்கும் பல்கலைக்கழக அரங்கின் வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு தட்டி: 'நாளைய மருத்துவத்தின் நட்சத்திரங்கள்'. ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் மின்னும் நட்சத்திரங்கள். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று எவருக்கும் தெரியாது. ஆனால் எல்லார் கையிலும் மருந்து கம்பெனி கொடுத்த அழகான துணிப்பை.

ஆய்வுக்கூடத்தில் அவளைத் தையல்காரம்மா என்பார்கள். மயங்கிக் கிடக்கும் எலியின் நெஞ்சைத் திறந்து, பட்டாணி அளவு இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயைத் தலைமுடியை விட மெல்லிய நூலால் கட்டுவாள். எலிக்கு மாரடைப்பு வரவழைக்கும் வேலை அது. பிறகு பாதி எலிகளுக்குப் பேராசிரியரின் புது மருந்து, மீதிக்கு வெறும் உப்புநீர். எந்தக் குப்பியில் எது என்று ஊசி போடும் அவளுக்கே தெரியாது. குப்பிமேல் வெறும் எண்தான்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் வாரத்தில் செத்த எலி கணக்கில் வராது. அது அறுவையில் செத்தது, மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது பேராசிரியரின் தீர்ப்பு. கூண்டை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தையல்காரம்மா, கை நடுங்கிடுச்சா?" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளும் அதை நம்பினாள். ஓய்வு நாளிலும் வந்து முடிச்சுப் போட்டுப் பழகினாள். வீட்டில் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவன் அதைப் பார்த்துவிட்டான். "என்ன இது, கிண்ணத்துல பால் குடிக்கிற குழந்தை மாதிரி?"

"என் கை நடுங்குதாம்."

"யாரு சொன்னது? போன வாரம் என் கண்ணுல விழுந்த இரும்புத் தூளை இதே கைதானே எடுத்துச்சு? நடுங்கியிருந்தா நான் இப்போ ஒத்தைக் கண்ணன்."

"உனக்கு எப்பவும் விளையாட்டு."

ஆனால் அன்று அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கைதான் கோளாறு என்றால், மருந்து பெற்ற எலியும் உப்புநீர் பெற்ற எலியும் ஏறக்குறைய சமமாகத்தானே சாக வேண்டும்? இந்த எளிய கேள்வியை அந்தக் கூடத்தில் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

மறுநாள் கணக்குப்பிள்ளையிடம் போனாள். அவளைப் போலவே ஒப்பந்த ஆய்வாளன், வயதில் இளையவன். கூடத்தின் புள்ளிவிவரம் பார்ப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். வரைபடங்கள் எல்லாம் அவன் கைவண்ணம், எந்தக் குப்பியில் எது என்ற பட்டியலும் அவனிடம்தான்.

"தம்பி, செத்த எலிங்க எந்தக் குப்பியோட எலிங்கன்னு பாத்துச் சொல்லு."

"அதை நாம பாக்குறதில்லையே அக்கா."

"இப்போ பாரு."

பார்த்தான். இன்னொரு முறை எண்ணிப் பார்த்தான். செத்தவற்றில் பெரும்பாலானவை மருந்து பெற்ற எலிகள். மருந்து பலவீனமான இதயங்களை முதல் வாரத்திலேயே தீர்த்துக்கட்டியிருந்தது. மிஞ்சியவை முரட்டு எலிகள். அவற்றை மட்டும் நிறுத்தி வைத்து, பாருங்கள் மருந்தின் மகிமையை என்று இத்தனை நாளும் காட்டியிருக்கிறார்கள். கொன்றுவிட்டு, பிழைத்தவனின் தெம்பைப் பாராட்டுகிற அறிவியல்! இதே மருந்தை மாரடைப்பு வந்த மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்க, ஒரு மருத்துவமனை ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். அவர் புன்னகைத்தார்.

"நல்ல கேள்விம்மா. அடுத்த கட்டுரையில பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள மனுஷங்களுக்குப் போட்டுடுவாங்களே சார்."

"கருத்தரங்குல உனக்கு இடம் வாங்கிக் குடுத்திருக்கேன். மேடை உன்னோடது, படம் என்னோடது. படத்துல இருக்கறதை மட்டும் பேசு. உன் ஒப்பந்தமும் இப்போதான் என் மேஜைக்கு வந்திருக்கு."

அவள் படங்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

கருத்தரங்கில் அவள் முறை வந்தது. திரையில், மருந்து பெற்று உயிரோடு இருக்கும் எலிகளைக் காட்டும் பச்சைக் கோடு கம்பீரமாக மேலே நின்றது. முன்வரிசையில் பேராசிரியர், அவர் பக்கத்தில் கம்பெனிக்காரர், அடுத்து அந்த மருத்துவமனையின் இதய மருத்துவர். படத்தில் இருந்ததைச் சொல்லி முடித்துவிட்டு, அவள் படத்தில் இல்லாததையும் சொன்னாள்.

"இந்தக் கோடு எட்டாம் நாள்தான் தொடங்குது. அதுக்கு முன்னாடி செத்த எலிங்க இதுல இல்லை. செத்ததுல பெரும்பாலானது மருந்து வாங்கின எலிங்க. இதை மனுஷங்களுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி யோசிக்கணும்."

தலைமை தாங்கியவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "அருமை, அருமை. யாருக்காவது கேள்வி?"

ஒரே ஒரு கை உயர்ந்தது.

"அந்தப் பச்சை கண்ணுக்கு ரொம்ப இதமா இருக்கு. எந்த மென்பொருள்ல வரைஞ்சீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாடா என்று விட்ட மூச்சு அந்தச் சிரிப்பில் அப்பட்டமாகக் கேட்டது. ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பமாட்டோம் என்று மார்தட்டுகிறவர்கள் இவர்கள்தாம். தங்கள் வீட்டில் ஜோசியம் பார்க்கும் மாமாவைக் கிண்டல் செய்கிறவர்கள் இவர்கள்தாம். ஆதாரத்தைக் கண்ணெதிரே வைத்தபோது, காபி எப்போது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஜோசியம் பார்க்கும் மாமா இவர்களை விட மேல். அவர் தெரியாமல் ஏமாறுகிறார்.

இடைவேளையில் கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வேறு துறையின் மூத்த பெண் விஞ்ஞானி ஒருவர் பின்னால் வந்து, அவள் ஈரக் கையை இறுகப் பிடித்தார்.

"நீ ரொம்பச் சரியாச் சொன்னேம்மா. எங்க கூடத்துலயும் இதே கூத்துதான்."

"உள்ள ஏன் மேடம் கேக்கல?"

"எனக்கும் குடும்பம் இருக்கும்மா." குழாயை இறுக்கி மூடிவிட்டு, கதவைத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்தபின் வெளியே போனார்.

அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவள் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்கு எழுதினாள். குழு பேராசிரியரிடம் விளக்கம் கேட்டது. அவர் தந்த பதில் சுருக்கமானது: 'இச்செய்தி அரங்கில் வெளிப்படையாகவே முன்வைக்கப்பட்டது. அங்கிருந்த அறிஞர் எவரும் ஐயம் எழுப்பவில்லை.' அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. குழு திருப்தி அடைந்தது.

அடுத்த கடிதத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடும்படி கணக்குப்பிள்ளையைக் கேட்டாள். "அன்னிக்கு நான் சரியாப் பாக்கல போலிருக்கு அக்கா" என்றான், தரையைப் பார்த்தபடி.

மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு ஊசி போட்டாயிற்று. அவள் இன்னும் குழுவுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். அன்று அரங்கில் இருந்தவர்களில் ஒரே ஒருவர் அவளோடு சேர்ந்து எழுதினால் போதும், சோதனையை நிறுத்தி வைத்துத் திரும்பப் பார்ப்பார்களாம். அந்த ஒருவர் இன்னும் வரவில்லை.

நீங்களும் நாளை ஏதாவது ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். எவராவது ஒருவர் எழுந்து, வேலையைப் பணயம் வைத்து, உண்மையைச் சொல்வார். தயவுசெய்து கழிப்பறை வரை காத்திருந்து அவர் கையைப் பிடிக்காதீர்கள். அங்கேயே, எல்லாரும் பார்க்க, உங்கள் கையைத் தூக்குங்கள்.