பலாப்பிசின் ஒட்டிய சீட்டு

என் அக்காவுக்கு எல்லாமே வரும். கணக்கு வரும், படம் வரைய வரும், பேச்சுப் போட்டியில் வாயைத் திறந்தால் பரிசு வரும். பட்டுப்போன செடிகூட அவள் தண்ணீர் ஊற்றினால் துளிர்த்துக்கொண்டு வரும். அவளுக்கு ஏழு வருடம் கழித்துப் பிறந்த எனக்குச் சளி மட்டும்தான் வரும். கடலூரில் அவள் படித்த பள்ளிக்கூடத்திலேயே என்னையும் சேர்த்திருந்தார்கள். புதிதாக வருகிற டீச்சர்கள், "நீ அவ தங்கச்சியா?" என்று ஆசையாகக் கேட்டுவிட்டு என் நோட்டைப் புரட்டுவார்கள். அப்புறம் மூடித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

அவள் பிளஸ் டூ முடித்த கோடையில் அந்த எரிச்சல் இரட்டிப்பானது. நாலு படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள், நாலுக்கும் இடம் கிடைத்துவிட்டது. கணக்கு, தமிழ், தாவரவியல் மூன்றும் உள்ளூர்க் கல்லூரியில். விவசாயம் மட்டும் சிதம்பரத்தில், ஹாஸ்டலில் தங்க வேண்டும்.

"எல்லாமே புடிக்குதும்மா, எதை வுடறதுன்னுதான் தெரியல" என்பாள் அக்கா. அப்பா, "உன் இஷ்டம்" என்பார். அடுத்த வாய்ச் சோற்றை விழுங்குவதற்குள், "கணக்குன்னா காலையில போயி சாயங்காலம் வந்துரலாம்" என்றும் சொல்லிவிடுவார். மூன்று வேளையும் வீட்டில் இதே பேச்சு. நான் ஆறாம் வகுப்புக்குப் போகிறேன் என்பது ஒருவருக்கும் ஞாபகமில்லை. அவளுக்கு எதைப் படிப்பது என்று குழப்பம். எனக்கு எது படிக்க வரும் என்றே யாருக்கும் தெரியவில்லை.

பண்ருட்டியிலிருந்து பலாப்பழத்தோடு வந்த மாமாதான் வழி சொன்னார். "எத்தினி நாளு மதில்மேல் பூனையா நிப்ப? சாமி முன்னால சீட்டு போட்டுடு. சின்னப் புள்ள எடுத்தா பொய்க்காது." வீட்டிலிருந்த ஒரே சின்னப் பிள்ளை நான். அந்தக் கோடையில் அன்றைக்குத்தான் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அக்காவே நாலு சீட்டு எழுதி, மடித்து, தாம்பாளத்தில் போட்டாள். அம்மா கற்பூரம் ஏற்றினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பலாச்சுளை தின்ற கை. பிசினில் சீட்டு ஒட்டிக்கொண்டு விரலை விட்டு வர மறுத்தது.

"எடுத்தவளே படிக்கணும்" என்றார் மாமா.

பிரித்தேன். கணக்கு என்று இருந்தது.

கணக்கு என்றால் அவள் இதே வீட்டில்தான் இருப்பாள். ஜன்னலோர மேசை இன்னும் மூன்று வருடம் அவளுடையது. அவள் வாங்கிக் குவித்த கோப்பைகளை வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து வைப்பது மட்டும் நான்.

"விவசாயம்" என்றேன்.

அக்கா கை நீட்டிச் சீட்டை வாங்கினாள். அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "விவசாயந்தான் மாமா" என்று சொல்லிவிட்டு, மற்ற மூன்றோடு அதையும் சேர்த்துக் கசக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

அப்பா கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமியே சொன்னப்புறம் நாம என்னா சொல்றது" என்றார்.

பிசினில் எழுத்து கலைந்திருக்கும், அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய கெட்டிக்காரியை நான் ஏமாற்றிவிட்டேன் என்று தலைகால் புரியவில்லை. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று அம்மா சொல்லியிருந்ததால், இரண்டு நாள் தினமும் கண்ணாடியில் கண்ணைப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை.

ஹாஸ்டலில் சேர்க்கச் சிதம்பரத்துக்குக் குடும்பத்தோடு போனோம். அக்காவின் பக்கெட்டை நான்தான் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறினேன். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள். அப்பா குழாயில் தண்ணீர் வருகிறதா என்று மூன்று தடவை திறந்து பார்த்தார். அக்கா மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே தெரிந்த வயலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு பாடுபட்டு வீட்டைவிட்டு அனுப்பியும் அவள் முகத்தில் துளி வருத்தமில்லை. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது அவள் குனிந்து, யாருக்கும் கேட்காமல் என் காதில், "தேங்ஸ்டி" என்றாள்.

பக்கெட் தூக்கியதற்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். "பரவால்ல, கனமே இல்ல" என்றேன்.