இடப்பக்கத்து வார்

ஒன்பது வயதில் எனக்கு என் அத்தை மீது பெரிய சந்தேகம் இருந்தது. ஒரு குதிரையை அவர் கொஞ்சங்கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, குயிலாப்பாளையத்தில் குதிரைச் சவாரி சொல்லித்தரும் இடத்தில் வேலை பார்த்தார். அங்கிருந்து மூன்று வயதுப் பெண்குதிரை ஒன்றைப் பழக்குவதற்காக மரக்காணத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். பள்ளி விடுமுறைக்கு நானும் அங்கே போயிருந்தேன். தினமும் காலையில் உப்பளத்தை ஒட்டிய மணல் திடலில் நீளக் கயிற்றைப் பிடித்தபடி அத்தை நடுவில் நிற்பார். குதிரை அவரைச் சுற்றி ஓடும். கையில் சாட்டை இருக்கும். அடித்து நான் பார்த்ததில்லை. நான் இல்லாத நேரத்தில் அடிப்பார் என்று வைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியவை இரண்டு தோல் வார்கள். கடிவாளத்திலிருந்து வயிற்றுப் பட்டைக்குப் பக்கத்துக்கு ஒன்றாகப் போகும். சில நாட்களுக்கு ஒருமுறை அத்தை இரண்டையும் ஒவ்வோர் ஓட்டை இறுக்குவார். இப்படியே போனால் கழுத்து என்ன ஆகும்?

"வலிக்காதா அத்தே?"

"வலிச்சா அதுவே சொல்லும்," என்றார் அத்தை.

குதிரை எப்படிச் சொல்லும்? எனக்கு உறுதியாகிவிட்டது.

மறுநாள் காலை, கொட்டகையில் தொங்கிய இடப்பக்கத்து வாரை மூன்று ஓட்டை தளர்த்தினேன். அடுத்ததில் கைவைப்பதற்குள் தண்ணீர் வாளியோடு மாமா வந்தார். அத்தையின் கணவர், உப்பளத்தில் வேலை. ஒன்றும் நடக்காததுபோல நான் வெளியே வந்துவிட்டேன்.

திடலில் வார்களை மாட்டி ஓடவிட்டதும் குதிரையின் தலை ஒருபக்கமாக இழுபட்டது. கோணலாக நாலடி வைத்து, மிரண்டு முன்கால்களைத் தூக்கி, சறுக்கி முழங்காலில் விழுந்தது. அத்தை சாட்டையைப் போட்டுவிட்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டே ஓடி வார்களைக் கழற்றினார். முழங்காலில் ரத்தம். இரண்டு வார்களையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"யாரு இதுல கை வெச்சது?"

அதற்குள் மாமாவும் திடலுக்கு ஓடி வந்திருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"நான்தாம்மா. தொடைக்கும்போது ஓட்டை மாத்தி மாட்டிட்டேன் போலருக்குது."

"கழுத்து ஒடிஞ்சிருந்தா குதிரை குடுத்தவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது? இனிமே கொட்டாய் பக்கமே வராதீங்க!"

அந்த விடுமுறை முழுக்க அத்தை அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. செய்யாத தப்பை ஒருவர் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? அப்படியானால் மாமாவும் ஏதோ செய்திருக்கிறார். அத்தையை விட்டுவிட்டு, ஊர் திரும்பும்வரை அவரைத்தான் கண்காணித்தேன். பஸ் ஏற்றிவிடும்போது அவர் வாங்கித் தந்த பிஸ்கட்டைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் தின்றேன்.